படுக்கைக்கும் ரயிலுக்கும்தான் காசு

பிரிட்டன் போகப்போகிறோம் என்றதும் சொந்தக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி "அங்க யாரு இருக்காங்க?" என்பதுதான். யாரும் இல்லை. மகன் அங்கே படிக்கவில்லை, மகளுக்கு அங்கே பிரசவம் இல்லை, கம்பெனியும் அனுப்பவில்லை. நானும் இவரும் எங்கள் காசில் சும்மா ஊர் பார்க்கப் போகிறோம், அவ்வளவுதான். அடுத்தது "ஒரு பத்துப் பதினஞ்சு லட்சம் ஆகுமே?" என்பார்கள். ஆகாது. ஆகிற மாதிரி இருந்தால் நாங்கள் இதை யோசித்தே இருக்க மாட்டோம்.

ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கணக்குப் போட்டதில் எனக்குத் தெளிவான விஷயம் ஒன்றுதான். அந்த நாட்டில் பார்ப்பதற்குப் பெரிய செலவு கிடையாது. படுக்கவும் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகவும்தான் காசு கரைகிறது. பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், டேட் மாடர்ன் எல்லாமே இலவசம் (தேசிய அருங்காட்சியகங்களில் மிச்சமிருந்த கட்டணத்தையும் 2001 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள்). அதனால் எந்த இடத்தை விடலாம் என்று மண்டையை உடைத்துக்கொள்வதை நிறுத்திவிட்டு, எந்த மாதம், எத்தனை ஊர், எந்த வரிசை என்று மட்டும் யோசிக்க ஆரம்பித்தோம்.

பேக்கேஜ் டூர் விசாரிக்காமல் இல்லை. லண்டனில் ரெண்டு ராத்திரி, அப்புறம் பாரிஸ், அப்புறம் ஸ்விட்சர்லாந்து என்று ஓட்டுகிறார்கள். பாரிஸுக்கும் ஸ்விட்சர்லாந்துக்கும் ஷெங்கன் விசா தனி, பிரிட்டன் விசா தனி, ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றுக்குள் நுழைய முடியாது. பஸ்ஸில் தூங்கி எழுந்து போட்டோ எடுக்க எனக்கு ஆசையில்லை.

மாதம் செப்டம்பர், அதுவும் முதல் பாதி. இதில் என் பிடிவாதம் ஜெயித்தது. ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் முழுக்க இங்கிலாந்தில் பள்ளி விடுமுறை, எல்லாம் விலை ஏறிக் கிடக்கும். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஆகஸ்ட் மாதம் கலைவிழாக்கள் நடக்கிற காலம், அப்போது அங்கே அறை வாடகையைப் பார்த்தால் தலை சுற்றும். செப்டம்பர் பிறந்ததும் இரண்டும் இறங்கிவிடுகிறது. குளிர் இன்னும் கடுமையாகியிருக்காது, லண்டனில் மாலை ஏழரை வரை வெளிச்சம் இருக்கும். அதைவிட முக்கியம், கல்லூரி விடுதிகள். லண்டனில் பல பல்கலைக்கழகங்கள் மாணவர் ஊருக்குப் போயிருக்கும் கோடை மாதங்களில் விடுதி அறைகளை வெளியாட்களுக்கு வாடகைக்கு விடுகின்றன. புது கல்வியாண்டு செப்டம்பர் கடைசியில்தான் தொடங்கும் என்பதால் முதல் பாதியில் இன்னும் அறை கிடைக்கும். அறை சின்னது, கட்டில் சாதாரணமானது, சில இடங்களில் பாத்ரூம் பொது. ஆனால் நகரத்தின் நடுவில் இருக்கிறது. எங்களுக்கு அது போதும்.

ஈஸ்ட் ஹாமில் தங்கலாமே என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். சரவண பவன் இருக்கிறது, பக்கத்தில் முருகன் கோயில் இருக்கிறது, தமிழ்க் கடைகள் இருக்கின்றன, ஊரிலேயே இருக்கிற மாதிரி இருக்குமாம். ஊரிலேயே இருக்கிற மாதிரி இருக்க நான் ஏன் இவ்வளவு செலவு செய்து போக வேண்டும்? ஒரு நாள் மத்தியானம் போய் தோசை சாப்பிட்டு, கோயிலுக்கும் போய்விட்டு வருவதாக ஒப்பந்தம்.

விசா. இது ஆளுக்கு ஆள் தனி விண்ணப்பம், ஜோடியாக ஒரே விண்ணப்பம் போட முடியாது. கட்டணமும் தனித்தனி, ஆளுக்கு நூறு பவுண்டுக்கு மேல், மறுத்தாலும் திரும்ப வராது. பயணத் தேதிக்கு மூன்று மாதத்துக்கும் அதிகமாக இருக்கும்போது போட முடியாது. ஆன்லைனில் நிரப்பிவிட்டு கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும், பதில் வர வழக்கமாக மூன்று வாரம். பேங்க் கணக்கில் பெரிய தொகை காட்ட வேண்டும் என்று நினைத்து கடைசி வாரத்தில் அண்ணனிடம் வாங்கி ஐந்து லட்சத்தைப் போடுகிற வேலை வேண்டவே வேண்டாம். திடீரென்று வந்து விழுகிற பணத்தைத்தான் அவர்கள் முதலில் பார்க்கிறார்கள். சம்பளம், வருமான வரிக் கணக்கு, பயணத்துக்கு இவ்வளவு செலவாகும் என்று நாம் எழுதுகிற தொகை, இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும், திரும்பி வர இங்கே வேலையோ வீடோ இருக்கிறது என்று தெரிய வேண்டும். விசா கையில் வருவதற்கு முன்னால் டிக்கெட்டுக்குப் பணம் கட்டாதீர்கள் என்று அவர்களே சொல்கிறார்கள். அதனால் அறைகளை ரத்து செய்யக்கூடிய விலையில் மட்டும் பிடித்து வைக்கிறோம், கொஞ்சம் கூடுதல்தான், பரவாயில்லை.

விமானத்தில் இவர் கண்டுபிடித்தது ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. லண்டனில் இறங்கி எடின்பரோவிலிருந்து திரும்புவது. தோஹா வழியாகவோ துபாய் வழியாகவோ போகிற விமான நிறுவனங்கள் இரண்டு ஊருக்கும் பறக்கின்றன, ஒரே டிக்கெட்டில் போகும் ஊர் ஒன்று, திரும்பும் ஊர் வேறு என்று போட்டால் பெரும்பாலும் பெரிய வித்தியாசம் வருவதில்லை. எடின்பரோ போய்விட்டு விமானத்துக்காக மறுபடி லண்டனுக்கு ஓடி வருகிற ரயில் செலவும் ஒரு நாளும் மிச்சம்.

இனி ரயில். பிரிட்டனில் ரயில் டிக்கெட் விலை நம் ஊர் மாதிரி கிலோமீட்டர் கணக்கில் இல்லை. ஒரே இருக்கை, முன்கூட்டி வாங்கினால் ஒரு விலை, அன்றைக்குக் காலையில் போய் நின்றால் மூன்று மடங்கு. முன்பதிவு டிக்கெட்டுகள் ஏறக்குறைய பன்னிரண்டு வாரத்துக்கு முன்னால் விற்பனைக்கு வருகின்றன. விசாவுக்கு மூன்று மாதம் முன்பே போட்டுவிட்டால் பதில் வந்த பிறகும் எட்டு வாரம் கையில் இருக்கும், அதற்குள் வாங்கிவிடலாம். அடுத்து, "டூ டுகெதர்" என்று ஒரு ரயில் கார்டு இருக்கிறது, 35 பவுண்டு, ஒரு வருஷம் செல்லும். கார்டில் பெயரும் படமும் உள்ள இரண்டு பேரும் சேர்ந்து பயணம் செய்தால் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. கணவன் மனைவியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, வெளிநாட்டுக்காரர்களும் வாங்கலாம். வார நாட்களில் காலை ஒன்பதரைக்கு முன்னால் செல்லாது, தனியாகப் போனால் செல்லாது. சண்டை போட்டுக்கொண்டாலும் ஒரே ரயிலில்தான் ஏறியாக வேண்டும்.

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து எடின்பரோவுக்கு நேராக நாலு, நாலரை மணி நேரம். லூமோ என்று ஒரு மலிவு ரயிலும் 2021லிருந்து ஓடுகிறது. ஆனால் அது யார்க்கில் நிற்பதில்லை, எங்களுக்கு யார்க் வேண்டும். முன்பதிவு டிக்கெட்டில் நடுவழியில் இறங்கி ஊர் சுற்றிவிட்டு அடுத்த ரயிலில் ஏற முடியாது, அதனால் லண்டன்–யார்க், யார்க்–எடின்பரோ என்று இரண்டாக வாங்க வேண்டும். வடக்கே போகும்போது வலப்பக்க ஜன்னல் கேட்டு வாங்கணும், பெர்விக் ஊரைத் தாண்டினால் கடல் கூடவே வரும்.

யார்க் இவருக்காக. மாமனார் போத்தனூரில் ரயில்வேயில் இருந்தவர், அதனால் வீட்டில் எஞ்சின் பேச்சுக்குக் குறைவே இருந்ததில்லை. யார்க்கில் தேசிய ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது, அதுவும் இலவசம். 1938இல் மணிக்கு 126 மைல் ஓடி, நீராவி எஞ்சின்களில் உலக சாதனை வைத்த மல்லார்ட் அங்கேதான் இருக்கிறது. ஊரைச் சுற்றியுள்ள பழைய கோட்டைச் சுவர்மேல் நடக்கவும் காசில்லை.

எனக்கு பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆந்திராவின் அமராவதி சிற்பங்கள். எழும்பூர் மியூசியத்தில் பார்த்த அந்த வெளிர் சுண்ணாம்புக் கற்களின் கூடப் பிறந்தவை. 1840களில் வால்ட்டர் எலியட் என்ற அதிகாரி தோண்டி மதராஸுக்குக் கொண்டுவந்தவற்றை 1859இல் லண்டனுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். பாதி இங்கே, பாதி அங்கே. கோபம் இருக்கிறதுதான். அதோடுகூட அந்த அறையில் அரை நாள் உட்கார வேண்டும் என்றும் இருக்கிறது.

லண்டனுக்குள் சுற்ற பஸ்தான். ஒரு டிக்கெட் ரெண்டு பவுண்டுக்குள், ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதுவே. பஸ்ஸில் ரொக்கம் வாங்குவதை 2014இலேயே நிறுத்திவிட்டார்கள், அதனால் தட்டிப் பணம் கட்டுகிற கார்டு ஆளுக்கு ஒன்று வேண்டும், ஒரே கார்டை இரண்டு பேருக்குத் தட்ட முடியாது. ஹீத்ரோவிலிருந்து எக்ஸ்பிரஸ் ரயில் பதினைந்து நிமிஷத்தில் பாடிங்டன் ஸ்டேஷனுக்குப் போய்விடும், பிக்காடில்லி லைன் என்ற சுரங்க ரயிலில் நகரத்துக்குள் போக ஒரு மணி நேரம் ஆகும், விலையோ சில மடங்கு குறைவு. பத்து மணி நேரத்துக்கு மேல் பறந்து வந்தவர்களுக்கு நாற்பத்தைந்து நிமிஷத்தில் என்ன கெட்டுப்போகும்.

சாப்பாடு: மத்தியானம் சூப்பர் மார்க்கெட் மீல் டீல், சாண்ட்விச்சும் ஒரு கொறிப்பும் குடிக்க ஒன்றும் நாலு பவுண்டு வாக்கில். சாயங்காலம் அதே கடைகளில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி விலை குறைக்கிறார்கள். அறையில் கெட்டில் இருக்கும், அதனால் ரெடிமேட் உப்புமா, புளிக்காய்ச்சல், ஊறுகாய் பெட்டியில் வருகிறது. நெய் பாட்டிலும் பால்கோவாவும் வராது, பாலோ இறைச்சியோ சேர்ந்த பொருட்களை இந்தியாவிலிருந்து உள்ளே விடுவதில்லை. தண்ணீர் குழாயிலேயே குடிக்கலாம்.

காசு கொடுத்துப் பார்ப்பது ஆளுக்கு ஒன்று என்று விதி. இவர் லண்டன் டவர் என்ற பழைய கோட்டையைச் சொல்கிறார், ஒரு ஆளுக்கே முப்பது பவுண்டுக்கு மேல். நான் எடின்பரோ கோட்டை. வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்துக்கு டிக்கெட் வாங்கப் போவதில்லை, மாலை வழிபாட்டுக்கு யாரும் காசில்லாமல் போய் உட்காரலாம், பாட்டும் கேட்கலாம். ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டம் வேண்டாமென்று முடிவு. கயிறுக்கு இப்பால் நின்று பார்க்க அவ்வளவு பணம் தர மனசில்லை. அதைவிடப் பெரிய வட்டமான ஏவ்பரி கற்களைச் சும்மா தொட்டே பார்க்கலாம், ஆனால் ஸ்விண்டன் போய் அங்கிருந்து பஸ் பிடிக்கணும், ஒரு நாள் போய்விடும். இது இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

எடின்பரோவில் 2026 ஜூலை 24 முதல் தங்குகிறவர்களுக்கு அறை வாடகையில் 5 சதவீத வரி, முதல் ஐந்து இரவுகளுக்கு. கணக்கில் சேர்த்தாயிற்று. அங்கே மூன்று இரவா நாலா என்பதுதான் பாக்கி, அது ஆர்தர்ஸ் சீட் குன்று ஏற இவருடைய முழங்கால் என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்தது. 251 மீட்டர்தான், மருதமலைப் படியில் பழகிக்கொண்டிருக்கிறார்.