குரங்கின் டிரம்ஸும் தங்கச்சிமடம் ஆர்க்கெஸ்ட்ராவும்

மே 22, வியாழன்

காலையிலேயே சென்னை ஸ்டுடியோவிலிருந்து போன். குழந்தைகள் அனிமேஷன் தொடரில் குரங்கு டிரம்ஸ் வாசிக்கும் ஷாட் ரீடேக் ஆகி என் தலையில் விழுந்திருக்கிறது. முதலில் செய்தவர் வேறு புராஜெக்டுக்குப் போய்விட்டாராம். நான்கு வினாடி, வினாடிக்கு 24 படம் வீதம் 96 ஃபிரேம். இயக்குநரின் குறிப்பு ஒரே வரி: "அடி ஒட்டவில்லை."

எந்த ஃபிரேமில் எந்தப் படம், எந்த ஒலி என்று குறித்து வைக்கும் எக்ஸ்-ஷீட்டைப் பார்த்தால் கணக்கு சுத்தமாக இருக்கிறது. ஒலி எந்த ஃபிரேமில் வருகிறதோ அதே ஃபிரேமில் குச்சி தோலைத் தொடுகிறது. ஓட்டிப் பார்த்தால் மட்டும் குரங்கு யாரோ வாசிப்பதற்குக் கையசைப்பதுபோல் இருக்கிறது.

மே 23, வெள்ளி

பகலெல்லாம் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. இன்பிட்வீன் (முக்கியப் படங்களுக்கு இடையில் வரும் படங்கள்) கொஞ்சம் நகர்ந்தது, அவ்வளவுதான். நாளை தங்கச்சிமடத்தில் சர்ச் திருவிழா ஆர்க்கெஸ்ட்ரா. "சனிக்கிழமையாவது வீட்டுல இரேன்டா" என்கிறார் அம்மா. ஸ்கெட்ச் புக்கை ஏற்கெனவே பையில் வைத்தாயிற்று.

மே 25, ஞாயிறு

தடைக்காலம். ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அதனால் நேற்று நல்ல கூட்டம், முன்னால் இடம் கிடைப்பதே பெரும்பாடு. மேடைக்குப் பக்கவாட்டில், ஜெனரேட்டர் புகைக்கு நடுவே உட்கார்ந்தேன். பிரஷ் பேனாவை எடுத்துப் போகவில்லை. இந்த உப்புக்காற்றில் தாள் நமத்துப்போய் மை ஊறிவிடும். பால்பாயிண்ட்தான் சரி.

பாடகர்களை நான் அதிகம் வரைவதில்லை. ஒரு கையில் மைக், இன்னொரு கையில் பாட்டு வரி பார்க்க செல்போன்; உடம்பு அசைவதே இல்லை. கண் போவதெல்லாம் ரிதம் பேட் (குச்சியால் அடிக்கும் எலக்ட்ரானிக் டிரம்) வாசிப்பவர் மேல்தான். அவருக்கு அடி தோளில் ஆரம்பிக்கிறது. தோள் சற்றே ஏறும், முழங்கை பின்னால் போகும், மணிக்கட்டு இறங்க ஆரம்பித்த பிறகும் குச்சியின் நுனி மட்டும் மேலேயே நிற்கும். கடைசியில் நுனி ஒரு வீச்சில் வந்து சேரும். பட்டதும் உடனே எழும்பிவிடும். பேட் மேல் குச்சி தங்கியிருப்பதை நான் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. நம் குரங்கோ இரண்டு டிராயிங் அங்கேயே தங்குகிறது!

இடைவேளையில் அவரே வந்து எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, எனக்கு மூஞ்சியே போடல?"

"கையத்தாண்ணே பாத்தேன்."

"கைக்குத்தான் சம்பளம், சரிதான்" என்று சிரித்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

அப்புறம் எழுந்து கூட்டத்தின் கடைசிக்குப் போனேன். பாக்ஸ் ஸ்பீக்கர்கள் மேடையோரம் மட்டும்தான். ஏறக்குறைய 60 மீட்டர் தள்ளி நின்றால் குச்சி பட்ட பிறகுதான் சத்தம் வருகிறது, கண்ணுக்கே தெரிகிறது. ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 24-ஆல் வகுத்தால் ஃபிரேமுக்கு 14 மீட்டர் சொச்சம். ஆக நான் நின்ற இடத்தில் நான்கு ஃபிரேம் தாமதம். பக்கத்தில் யாருக்கும் அது உறுத்தவில்லை, விசிலடித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணுக்கு முதலில், காதுக்குப் பிறகு என்பது பிறந்ததிலிருந்து பழகிய வரிசை. சத்தம் முந்தினால்தான் பொய் என்று மனம் சொல்லும். (தெருக் கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்கு அடியில் நின்றால் இந்தத் தாமதம் இருக்காது. மின்சாரத்தில் ஓடிவரும் சத்தம் குச்சி படும்போதே காதுக்கு வந்துவிடும்.)

மே 27, செவ்வாய்

குச்சி படுவதை ஒலிக்கு இரண்டு ஃபிரேம் முன்னுக்கு இழுத்தேன். வாயசைப்பில் நாங்கள் வழக்கமாகச் செய்வதுதான், கைக்கும் அதையே செய்யலாம் என்று இந்த ஷாட்டில் யாருக்கும் தோன்றவில்லை. தோள் ஏறுவதற்கு ஒரு கீ (முக்கியப் படம்) சேர்த்தேன். தோல் மேல் தங்கிய டிராயிங்கைத் தூக்கிவிட்டு, குச்சி மேலே நிற்கும் இடத்தில் ஒன்றைக் கூட்டினேன். மொத்தம் அதே 96.

சாயங்காலம் ஓகே ஆகிவிட்டது. டீம் லீட் மட்டும், "ரெஃபரன்ஸ் வீடியோ எது, அனுப்புங்க" என்று கேட்டார். ஸ்கெட்ச் புக் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். பதில் இல்லை.

அடுத்த ஷாட்டில் அதே குரங்கு புல்லாங்குழல் வாசிக்கிறது. இங்கே ஆர்க்கெஸ்ட்ராக்களில் புல்லாங்குழலையும் கீபோர்டிலேயே வாசித்துவிடுகிறார்கள். உத்தரகோசமங்கைப் பக்கம் கோயிலில் நாதஸ்வரம் எப்போது என்று விசாரிக்க வேண்டும். விரலாவது கிடைக்கும்.