தெரபி முடிந்து வீடு திரும்பிய பிறகு: ஆட்டிசக் குழந்தைகளின் குடும்பங்களுக்கு டிரஸ்ட்கள் எதைச் செய்யலாம்

கோயமுத்தூரிலோ ஈரோட்டிலோ ஒரு சென்டரில் குழந்தைக்கு வாரம் இரண்டு மூன்று தெரபி வகுப்பு கிடைத்தாலே பெரிய விஷயம். ஒரு வகுப்பு முக்கால் மணி நேரம். மிச்சப் பொழுது முழுக்கக் குழந்தை வீட்டில் அம்மாவோடும் ஆத்தாவோடும் அமுச்சியோடும் (அம்மாவின் அம்மா)தான் இருக்கிறது. அதனால் ஒரு டிரஸ்ட் நல்ல டிரஸ்டா என்று கேட்டால், அதன் தெரபி ஹாலில் எத்தனை ஊஞ்சல் தொங்குகிறது என்று நான் பார்ப்பதில்லை. அங்கே போய்வரும் அம்மாவின் நாள் கொஞ்சமாவது லேசாகியிருக்கிறதா என்று பார்ப்பேன். பெற்றோருக்கும், உதவ நினைப்பவர்களுக்கும், புதிதாக டிரஸ்ட் தொடங்குபவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

ஒரு டிரஸ்ட் செய்யக்கூடிய முதல் உதவி காகித வேலை. கேட்க அலுப்பாக இருக்கும். ஆனால் குடும்பங்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம் அதில் தன் பெயரிலேயே இருக்கிறது. யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஆன்லைனில் விண்ணப்பித்துவிட்டு அரசு மருத்துவமனையில் மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். அங்கே ஐசா என்ற இந்திய அளவுகோலை வைத்து 40 கேள்விகள் கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டினால் 70க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம்.

இங்கேதான் பல குடும்பங்கள் இழக்கின்றன. டாக்டர் கேட்கும்போது அம்மா, "இப்ப பரவால்லைங்க, நல்லாத்தான் இருக்கறானுங்க" என்பார். பாசத்திலும் கூச்சத்திலும் வருகிற பதில் அது. மதிப்பெண் குறைந்து, சான்றில் குழந்தையின் குறைபாட்டுச் சதவீதமும் குறைந்துவிடும். சலுகைகள் பெரும்பாலும் 40 சதவீதத்திலிருந்துதான் தொடங்குகின்றன. விவரம் தெரிந்த டிரஸ்ட், மதிப்பீட்டுக்கு ஒரு வாரம் முன்பே அம்மாவிடம் ஒரு நோட்டைக் கொடுத்துவிடும். இரவு எத்தனை மணிக்கு எழுந்தான், எதைச் சாப்பிட மறுத்தான், கூப்பிட்டால் திரும்பினானா, தலையை எதில் முட்டினான் என்று தேதி போட்டு எழுதச் சொல்லும். மிகைப்படுத்த வேண்டாம், நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும். அந்த நோட்டை மேசையில் வைத்தால் டாக்டருக்கும் வேலை சுலபம்.

மாற்றுத்திறனாளிச் சான்றைக் கையில் வாங்கியதும் மூன்றைச் சரிபார்க்க வேண்டும். ஆதாரில் உள்ள அதே எழுத்தில் பெயர் இருக்கிறதா? தற்காலிகச் சான்றா, அப்படியானால் எந்தத் தேதி வரை? அறிவுசார் குறைபாடும் இருந்தால் அதுவும் பதிவாகியிருக்கிறதா? மூன்றாவதை விட்டுவிடக் கூடாது. அறிவுசார் குறைபாட்டுக்குத் தமிழக அரசு மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது, அதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கும்போது முதலில் பார்ப்பது சான்றைத்தான்.

அடுத்தது நிராமயா. மத்திய அரசின் அமைப்பான நேஷனல் டிரஸ்ட் நடத்தும் மருத்துவக் காப்பீடு இது. வருடம் ஒரு லட்சம் ரூபாய் வரை. சேர்க்கும்போது மருத்துவப் பரிசோதனை கிடையாது. ஆஸ்பத்திரியில் படுக்காமல் பார்க்கும் வைத்தியத்துக்கும், வரம்புக்கு உட்பட்டுத் தெரபிக்கும் பணம் கிடைக்கும் என்பதுதான் இதன் அருமை. சாதாரணக் காப்பீடுகளில் இது கிடைப்பது அரிது. சேர்க்கைக் கட்டணம் வறுமைக்கோட்டுக்குக் கீழே 250 ரூபாய், மற்றவர்களுக்கு 500. புதுப்பிக்க 50, 250. நேஷனல் டிரஸ்டில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் மூலமாகச் சேரலாம். மார்ச் 31க்குள் புதுப்பிக்க மறந்தால் ஏப்ரலில் கையைப் பிசைய வேண்டியதுதான். பில் திரும்பி வருவதற்குக் காரணம் அநேகமாக ரசீதுதான்: தேதி வாரியாக வகுப்புகள் இருக்காது, குழந்தையின் முழுப்பெயர் இருக்காது, தெரபிஸ்டின் பதிவு எண் இருக்காது, டாக்டரின் பரிந்துரைச் சீட்டு இணைந்திருக்காது. டிரஸ்டே ஒரு ரசீது மாதிரியை அச்சடித்து, தெரபிஸ்ட் கையில் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லையில் பாதி போய்விடும்.

நம் பக்கத்துக் குடும்பங்களின் வேலை நேரத்தை அறியாமல் இங்கே எந்தத் திட்டமும் நடக்காது. திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங்கிலோ பவர் டேபிளிலோ இருக்கும் அம்மா, ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரிதான் வீட்டுக்கு வருகிறார். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குத் தெரபி என்றால் அவருக்கு அரைநாள் சம்பளம் போச்சு. மாதம் எட்டு அரைநாள் போனால் மூன்றாம் மாதம் வகுப்பே நின்றுவிடும். "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று ரிஜிஸ்டரில் எழுதும் சென்டர்கள் ஞாயிறு காலை ஏன் திறப்பதில்லை? ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் கூட வருவார். தெரபிஸ்டுக்கு வாரவிடுமுறையைத் திங்களுக்கு மாற்றிக் கொடுத்தால் முடிந்தது.

தூரமும் அப்படித்தான். சாதாரண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணம் இல்லை. ஆனால் வெள்ளகோவிலிலிருந்தோ அந்தியூரிலிருந்தோ நகரத்துக்கு வர மொபசல் பஸ்தான். அதில் அந்த இலவசம் தானாகக் கிடைப்பதில்லை. வேன் விடும் டிரஸ்ட்கள் உண்டு, ஆனால் ஊர் ஊராக ஏற்றிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் சுற்றும் வேனில், ஹாரன் சத்தத்தில் கலங்கிப்போய் இறங்கும் குழந்தை எதைக் கற்கும்? குழந்தைகளைச் சுமந்து வருவதற்குப் பதில் சிறப்பாசிரியரை வாரம் இரண்டு நாள் ஒன்றியத்துக்கு அனுப்புவது மலிவு. பள்ளிக்கல்வித் துறையின் வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், மாவட்ட அளவில் அரசு ஆரம்பநிலை இடையீட்டு மையமும் இருக்கிறது. அவர்களோடு நாளைப் பங்கிட்டுக்கொண்டால் இரண்டு தரப்பின் உழைப்பும் வீணாகாது.

ஆள் கிடைப்பதில்லை என்பார்கள். பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா வளாகத்திலும் அவினாசிலிங்கம் பல்கலைக்கழகத்திலும் சிறப்புக் கல்விப் படிப்பு இருக்கிறது. படித்தவர்கள் இருக்கிறார்கள், கொடுக்கிற சம்பளத்துக்கு நிலைப்பதில்லை. அவர்களை மேற்பார்வைக்கு வைத்துக்கொண்டு, ஊரிலேயே பிளஸ் டூ முடித்த பெண்களைப் பெற்றோர் பயிற்சிக்குத் தயார்செய்யலாம். கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளோடு நடந்து 2016இல் வெளியான ஆய்வில், நிபுணர் அல்லாத பணியாளர்கள் பயிற்சி பெற்று வீட்டில் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பெற்றோர் குழந்தையின் போக்கை உணர்ந்து நடந்துகொள்வது கூடியது, குழந்தை தானாகத் தொடங்கும் தொடர்பும் கூடியது. உலக சுகாதார நிறுவனத்தின் பராமரிப்பாளர் பயிற்சியும் இதே வழிதான்: 2 முதல் 9 வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்கு ஒன்பது குழு வகுப்பு, மூன்று முறை வீட்டுக்கு வருகை.

பெற்றோருக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது? பேச்சு வராத குழந்தைக்கு என்னைக் கேட்டால் முதலில் படக் கார்டு. வேண்டியதைச் சொல்ல வழியில்லாமல்தான் பாதி அழுகையும் கடியும் வருகிறது. இரண்டு அங்குலச் சதுரம் போதும். வீட்டில் இருக்கும் அதே பொருளைச் செல்போனில் படம் பிடித்து, பிரிண்ட் எடுத்து, லேமினேட் செய்து, பின்னால் வெல்க்ரோ ஒட்ட வேண்டும். முதல் கார்டு குழந்தைக்கு உயிரான பொருளாக இருக்கட்டும், முறுக்கு என்று வைத்துக்கொள்வோம். 'பாத்ரூம்' கார்டில் தொடங்கினால் படியாது, ஏனென்றால் அது நமக்கு வேண்டிய பொருள். பெரியவர்கள் இருவர் வேண்டும். ஒருவர் எதிரே முறுக்கோடு உட்கார, இன்னொருவர் குழந்தைக்குப் பின்னால். குழந்தை முறுக்குக்குக் கை நீட்டும்போது பின்னால் இருப்பவர் வாயே திறக்காமல் அந்தக் கையைக் கார்டுக்குக் கொண்டுபோய், எடுக்கவைத்து, எதிரே இருப்பவர் உள்ளங்கையில் வைக்கவைக்க வேண்டும். கார்டு கைக்கு வந்த நொடியே "முறுக்கு" என்று சொல்லிக்கொண்டே ஒரு சின்ன விள்ளலைக் கொடுத்துவிட வேண்டும். முழுசாகக் கொடுத்தால் அடுத்த தடவை கேட்கத் தேவையே இருக்காது. "என்ன சாமி வேணும்?" என்று கேட்காதீர்கள். கேட்டால்தான் கார்டை எடுப்பது என்று பழகிவிடும். தானாக வந்து கேட்க வேண்டும், அதற்குத்தான் இவ்வளவும்.

கெட்டுப்போகிற விதங்களும் தெரிந்தவைதான். கார்டுகள் பத்திரமாக பீரோவில் இருக்கும். ஒரே வாரத்தில் இருபது கார்டு கொடுத்துக் குழந்தையைத் திணறடிப்பார்கள். லீவுக்கு அமுச்சி வீட்டுக்குப் போனால் கார்டு இல்லாமலே எல்லாம் கைக்கு வரும், திரும்பி வந்ததும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனவே ஒரு செட் அமுச்சி வீட்டிலும் இருக்கட்டும், பயிற்சிக்கு அவரையும் ஒருநாள் அழைக்கட்டும். கார்டு பழகினால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயம் வேண்டாம், அப்படி எந்த ஆய்விலும் தெரியவில்லை. கார்டு நன்றாகப் படிந்த பிறகு, சென்னையில் உருவான ஆவாஸ் செயலி தமிழிலும் பேசும், டேப்லெட்டை டிரஸ்ட் இரவல் கொடுக்கலாம்.

சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் வீட்டை ஒட்டியே தறிக்குடோன். சத்தத்தைத் தாங்காத குழந்தைக்கு அது இரவு பகல் ஓயாத வேதனை. தறியை நிறுத்தச் சொல்ல முடியாது, அதுதான் சோறு. குழந்தை படுக்கும் இடத்தைத் தறிச்சுவரிலிருந்து எதிர்ப்பக்கம் மாற்றுவது, தொழிற்சாலையில் போடும் காது மூடியைச் சிறு அளவில் வாங்கிக் கொடுப்பது, இந்த இரண்டையும் வீட்டுக்கு வந்து பார்த்துச் செய்யும் டிரஸ்ட் ஊழியரால் பெரிய நிம்மதி கிடைக்கும். ஒரே எச்சரிக்கை: காது மூடியை நாள் முழுக்க மாட்டிவைத்தால் சின்னச் சத்தமும் தாங்காது. தறி ஓடும்போது, நோம்பியில் (ஊர்த் திருவிழாவில்) மேளமும் பட்டாசும் வரும்போது என்று நேரம் பார்த்துப் போட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் பயப்படுவது தண்ணீருக்கு. ஆட்டிசக் குழந்தைகள் சொல்லாமல் வெளியே நடந்துவிடுவது பொதுவானது, பலருக்குத் தண்ணீர் மேல் தீராத ஈர்ப்பு. நமக்கோ தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு, கீழ்பவானி வாய்க்கால், பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு) வாய்க்கால். குழந்தையைக் காணோம் என்றால் முதல் ஆள் ஓட வேண்டியது கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும்தான், பஸ் ஸ்டாப்புக்கு அடுத்த ஆள் போகட்டும், இன்னொருவர் 112க்கு அழைக்கட்டும். வீட்டிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் இருக்கும் கிணறு, தொட்டி, வாய்க்கால்படி அத்தனையையும் ஒரு தாளில் வரைந்து, யார் எங்கே ஓடுவது என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர்களின் போன் எண்ணோடு எழுதி வைக்க வேண்டும். கதவின் மேல்பக்கம், பெரியவர் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள். போன் எண் தைத்த சட்டை. கிணற்றுக்கு இரும்பு வலை. நீச்சலும் பழக்க வேண்டும், ஆனால் நீச்சல் தெரியும் என்று அசந்துவிடக் கூடாது. கிணற்று வலைக்கு நன்கொடை கேட்கும் ஒரு டிரஸ்ட் நோட்டீஸையும் நான் இதுவரை பார்த்ததில்லை. அவசியம் வர வேண்டும்.

அம்மாவுக்கு ஓய்வு. மாதம் இரண்டு முறை மூன்று மணி நேரம் பயிற்சி பெற்ற ஒருவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டால், அவர் பல் டாக்டரிடம் போகலாம், ஒரு கல்யாணத்துக்குப் போகலாம், சும்மா தூங்கலாம். புது முகத்திடம் திடீரென்று விட்டால் குழந்தை கலங்கும், முதல் இரண்டு தடவை அம்மா கூடவே இருக்க வேண்டும். என்ன சாப்பிடுவான், எதற்குப் பயப்படுவான், வலிப்பு மாத்திரை எத்தனை மணிக்கு என்று ஒரு பக்கக் குறிப்பு சுவரில் ஒட்டியிருக்க வேண்டும்.

குணமாக்கித் தருகிறோம் என்பவர்களிடம் பணத்தை இழப்பதைத் தடுப்பதும் டிரஸ்டின் வேலைதான். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022இலேயே சொல்லிவிட்டது. அதற்காக நகையை அடகு வைக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. எந்த சென்டரில் சேர்ப்பதானாலும், சிறப்பாசிரியருக்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கிறதா, நிறுவனம் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். வகுப்பு நடக்கும்போது அம்மா உள்ளே உட்காரலாமா என்பதையும் கேளுங்கள். "வேண்டாங்க, நீங்க இருந்தா அடம் பண்ணுவான்" என்று எப்போதும் கதவைச் சாத்தும் இடத்தில் சேர்க்க வேண்டாம்.

நன்கொடை தருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கம்பெனிகள் தரும் சி.எஸ்.ஆர். நிதியில் பந்துத் தொட்டியும் ஊஞ்சலும் வந்துவிடுகின்றன. அதில் குழந்தையை எப்படி ஆட்டுவது என்று படித்த தெரபிஸ்டுக்குச் சம்பளம் வருவதில்லை. பொருளுக்குப் பதில் ஒரு ஆளின் மூன்று வருடச் சம்பளத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். பிறந்தநாளுக்கு இருபது பேரோடு வந்து கேக் வெட்டிக் கைதட்டிப் படம் எடுப்பது குழந்தைகளுக்கு உண்மையிலேயே கஷ்டம். அந்தத் தொகையில் ஒரு குடும்பத்தின் ஆட்டோ வாடகையைக் கட்டலாம்.

பதினெட்டு வயதுக்குப் பிறகு என்ன என்பதை டிரஸ்ட்கள் மிகத் தாமதமாகத்தான் பேசுகின்றன. 1999ஆம் ஆண்டின் நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி, பதினெட்டு நிறைந்தவருக்குச் சட்டப்பூர்வ பாதுகாவலரை நியமிப்பது கலெக்டர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு. அதில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவரும் மாற்றுத்திறனாளி ஒருவரும் இருப்பார்கள். பெற்றோரே விண்ணப்பிக்கலாம். இந்த உத்தரவு இல்லாவிட்டால் பேங்க் கணக்கிலும் சொத்துப் பத்திரத்திலும் சிக்கல் வரும். தோட்டத்தை மற்ற பிள்ளையின் பேருக்கு எழுதிவைத்துவிட்டு, "அவன் பாத்துக்குவான்" என்று விட்டுவிடுவது நம் வழக்கம். பார்த்துக்கொள்வான் என்பது பத்திரத்தில் எழுத்தாக வர வேண்டும்: எந்த வருமானம், யார் கையில், கணக்கை யார் பார்ப்பது என்று. குழந்தைக்குப் பதினாறு ஆகும்போதே டிரஸ்ட் ஒரு வக்கீலை அழைத்து, அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர் மூவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசத் தொடங்கிவிட வேண்டும்.