நெல்லைக் கும்பிடும் மலை: ஃபுஷிமி இனாரி

ஜப்பானின் கியோட்டோ நகரத்து ஃபுஷிமி இனாரி கோயிலுக்கு வருகிறவர்களில் பலர் மலைப்பாதையில் வரிசையாக நிற்கும் அந்தச் செந்நிற வாயில்களைப் படம் எடுக்கத்தான் வருகிறார்கள். நான் போனது அங்கே குடியிருக்கும் விளைச்சல் தெய்வம் உகானோமிதாமாவைக் கும்பிட.

இந்தக் கோயிலின் கதை 711-ல் தொடங்குகிறது. ஹதா நோ இரோகு என்ற செல்வந்தர் வீட்டில் நெல்லுக்குப் பஞ்சமே இல்லை. அந்தத் திமிரில் அரிசி மாவுருண்டையைக் குறியாக வைத்து அம்பு எய்தார். அது வெள்ளைப் பறவையாகிப் பறந்து மலை உச்சியில் போய் இறங்கியது. அந்த இடத்தில் நெல் முளைத்தது. பின்னாளில் அவருடைய வம்சத்தார் அந்தத் தவறுக்கு மனம் வருந்தினார்களாம். சோற்றை அவமதித்த பாவத்தையும் அதற்கான வருத்தத்தையும் ஒரு கோயில் தன் தலவரலாறாகவே வைத்திருப்பது என்னை உலுக்கிவிட்டது.

இனாரி ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே முதல் வாயில். உள்ளே 1589-ல் அன்று ஜப்பானை ஆண்ட டொயொடோமி ஹிதேயோஷி கட்டிக்கொடுத்த கோபுர வாசல். தாயின் நோய் தீர வேண்டிக்கொண்டு செய்த திருப்பணி என்கிறார்கள். அதன் இருபுறமும் கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய நரிகள். தெய்வம் அவை அல்ல, தெய்வத்தின் தூதர்கள். ஒரு நரி வாயால் கவ்வியிருக்கும் சாவியைப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். நெற்களஞ்சியத்தின் சாவி அது!

கை, வாய் கழுவி, காணிக்கை போட்டு, இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிந்து வணங்கினேன். அப்புறம் மலை ஏற்றம். உயரம் 233 மீட்டர்தான், ஆனால் படிகள் விடுவதாயில்லை. வாயில்களைக் காணிக்கையாகத் தந்தவர்களின் பெயர்கள் தூண்களின் பின்பக்கம் இருப்பதால், இறங்கும்போதுதான் கண்ணில் படுகின்றன. வியாபாரம் செழிக்க வேண்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். மேலே போகப் போகக் கூட்டம் கரைந்து, பாசி படிந்த சின்னச் சின்னக் கற்சன்னிதிகள் நெருக்கமாக வருகின்றன. உண்மையான பக்தியை நான் அங்கேதான் பார்த்தேன்.

போகிறவர்கள் முடிந்தால் வயல் சடங்குகள் நடக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். கோயிலுக்குச் சொந்தமான வயலில் ஜூன் 10 நடவு, அக்டோபர் 25 அறுவடை. நவம்பர் 8 அன்று அந்த வைக்கோலைத் தீயிலிட்டு நன்றி சொல்கிறார்கள். புது அரிசி நவம்பர் 23 அன்று சன்னிதியில் படைக்கப்படுகிறது.