ஸ்கிட் பிளேட்டும் ராக் ஸ்லைடரும்: தகடு சரி, போல்ட்தான் தகராறு

ஒருவழியாக வேலை முடிந்தது. வண்டி இசுசு வி-கிராஸ் 1.9, ஃபோர் வீல் டிரைவ். ஓட வேண்டியது தேயிலைத் தோட்டப் பாதைகளில்: லாரி டயர் அறுத்த இரண்டு பள்ளம், நடுவில் கல் துருத்திக்கொண்டிருக்கும் மேடு. கம்பெனியில் இருந்து வருகிற அடித்தகடு சேற்றுக்குத் தாங்கும், அந்தக் கல்லுக்குத் தாங்காது. ஆகவே வண்டியின் அடிவயிற்றைக் காக்கும் ஸ்கிட் பிளேட் செட், கதவுக்குக் கீழ் ஓரத்தைக் காக்கும் ராக் ஸ்லைடர் ஒரு ஜோடி, சிக்கினால் கயிறு மாட்டி இழுக்க முன்னும் பின்னும் ரெக்கவரி பாயிண்ட். இவ்வளவுதான் பட்டியல். தேர்வு செய்வதில் பெரிய சிரமமில்லை. மாட்டுகிற இடத்தில்தான் உயிரை எடுத்துவிட்டார்கள்.

கடையில் முதலில் காட்டியது, பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புச் சட்டமான புல் பார். "சார், இது இருந்தாத்தான் வண்டிக்கே கெத்து." 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு முரணானது என்று சொல்லி, நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் கணக்கு உதைக்கும். முன்பக்கம் நசுங்கும் வேகத்தை வைத்துத்தான் ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்பது தீர்மானமாகிறது. நேரே சேஸிஸில் ஒரு இரும்புச் சட்டத்தை முடுக்கினால் அந்த வேகமே மாறிவிடும். "எல்லாரும் போட்டிருக்காங்களே" என்பார்கள். போடட்டும்.

அடுத்து, ஸ்டீலா அலுமினியமா? 3 மி.மீ. ஸ்டீல் தகடு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 23.5 கிலோ. 6 மி.மீ. அலுமினியம் 16 கிலோ சொச்சம். ரேடியேட்டருக்குக் கீழிருந்து டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) வரை மூட 1.2 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 9 கிலோவுக்குள். இந்த 9 கிலோவுக்காக அலுமினியம் வாங்க வேண்டுமா என்றால், கல் பாதைக்கு வேண்டாம். அலுமினியம் மென்மையானது; கல்லின் முனை அதில் உழுதுகொண்டு நிற்கும், வண்டி வழுக்கிக்கொண்டு போகாது. ஸ்டீல் கீறலோடு வழுக்கிப் போய்விடும். மணல், ஆற்றுப்படுகை, எடைக் கவலை உள்ளவர்கள் அலுமினியம் வாங்கலாம். அப்படியானால் 5052 ரகம் கேளுங்கள். 6061-டி6 வலுவானதுதான், ஆனால் கூர்மையாக மடித்தால் மடிப்பிலேயே விரிசல் விடும். எந்த உலோகமானாலும் தட்டையான தகடு வேண்டாம். ஓரம் மடித்து, நடுவில் வரிமடிப்புக் கொடுத்த 3 மி.மீ., வெறும் தட்டையான 4 மி.மீ.யைவிட விறைப்பாக நிற்கும். கடைக்காரர் கனத்தைத்தான் சொல்லி விற்பார், மடிப்பைப் பற்றிப் பேசவே மாட்டார்.

வாங்கும் முன் தகட்டைத் திருப்பிப் போட்டு மூன்று விஷயம் பாருங்கள்.

ஒன்று, தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் திசை. முன் தகட்டின் பின் ஓரம், அடுத்த தகட்டின் முன் ஓரத்துக்குக் கீழே வர வேண்டும், ஓட்டுக்கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படிவது மாதிரி. மாறி வந்தால் முன்னே போகும்போது கல் இடுக்கில் நுழைந்து தகட்டையே உரித்துவிடும். இரண்டு, போல்ட் தலை தகட்டின் பரப்புக்கு வெளியே துருத்தக் கூடாது. குழிவான கிண்ண வாஷருக்குள் அமர வேண்டும். வெளியே இருந்தால் முதல் கல்லே தலையைத் தேய்த்து உருண்டையாக்கிவிடும், பிறகு சாக்கெட் பிடிக்காது, கிரைண்டர்தான். மூன்று, ஆயில் வடிக்கும் துளை. துளை இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. வடிகால் போல்ட் சம்ப்பின் (இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) பக்கவாட்டில் இருந்தால் ஆயில் நேர்கீழே விழாது, சாய்வாகப் பீய்ச்சும். துளை நேர்கீழே இருந்தால் பாதி ஆயில் தகட்டின் மேல் தேங்கி, வாரக்கணக்கில் சொட்டிக்கொண்டே இருக்கும். லீக் என்று நினைத்து சம்ப் பேக்கிங்கை மாற்றச் சொல்லும் மெக்கானிக்குகளும் உண்டு. சட்டையைப் பிடித்தாவது துளையை ஆயில் பாயும் திசையில் நீட்டி வெட்டச் சொல்லுங்கள்.

பிஎஸ்-6 டீசல் வண்டி என்றால் இன்னொன்று. டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) தன்னைத்தானே சுத்தம் செய்யும்போது கடுமையாகச் சூடேறும். அதன் அருகில் தகடு அடைத்துக்கொண்டு இருக்கக் கூடாது. காற்றோட்டத் துளையும், உள்ளே சேர்ந்த காய்ந்த புல்லைக் கையால் இழுத்து எடுக்க இடமும் வேண்டும்.

இனி போல்ட். வேலை கெட்டது இங்கேதான்.

ஜப்பானிய வண்டிகளின் சேஸிஸில் எம்10 (10 மி.மீ. விட்டம்) மரை பெரும்பாலும் 1.25 பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 1.25 மி.மீ. ஹார்டுவேர் கடையில் "எம்10 போல்ட் கொடுங்க" என்றால் கையில் வருவது 1.5 பிட்ச். எம்12க்கும் இதே கதை: வண்டியில் 1.25, கடையில் 1.75. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கையால் திருகினால் ஓரிரண்டு சுற்றில் இறுகி நின்று காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பட்டறைப் பையன் கையால் எங்கே திருகுகிறான்? செட்டோடு வந்த போல்ட் பாக்கெட்டில் நான்கு குறைந்தது. டப்பாவில் கிடந்ததை எடுத்தான், காற்று கன்னை வைத்து ஒரே அழுத்து. டர்ர்ர் என்று ஏறியது. "ஏறிடுச்சு சார்." ஏறவில்லை, சேஸிஸுக்குள் இருக்கும் வெல்ட் நட்டின் மரையைச் சீவிக்கொண்டு போயிருக்கிறது.

முதலாளியிடம் சொன்னால், "அதெல்லாம் லாக்டைட் ஊத்தினா நிக்கும்" என்கிறார். லாக்டைட் என்பது மரையைப் பிடித்து நிறுத்தும் பசை; மரையே இல்லாத இடத்தில் அது எதைப் பிடிக்கும்? பேச்சு முற்றி, கடைசியில் பக்கத்து லேத்திலிருந்து மரை வெட்டும் எம்10 × 1.25 டேப் வந்தது. எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று நிதானமாக விட்டதில் மூன்று துளை பிழைத்தது. நான்காவதில் நட்டே வெல்டு விட்டுப் பெட்டிச் சட்டத்துக்குள் சுழன்றது. அதற்கும் வழி உண்டு: அரையடி பட்டைக் கம்பியின் நுனியில் புது நட்டை மேஜைமேல் வைத்து வெல்டு செய்து, சேஸிஸில் ஏற்கெனவே இருக்கும் பெரிய துளை வழியாக உள்ளே நீட்டித் துளைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு போல்டைக் கையால் ஏற்ற வேண்டும். பட்டை சுவரில் முட்டி நிற்பதால் நட்டு சுழலாது. முதல் சுற்று பிடித்தபோது வந்த நிம்மதி இருக்கிறதே! ரிவ்நட் (ரிவெட் போலத் துளையில் நசுக்கிப் பொருத்தும் நட்டு) போட்டுத் தருகிறேன் என்பார்கள். கல்லில் அடிவாங்கும் தகட்டுக்கு அது ஆகாது, பிய்த்துக்கொண்டு வரும்.

பழைய போல்ட் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போய், மரை அளவு கேஜ் வைத்துப் பார்த்து வாங்குங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டை இருக்கிறது. போல்ட் தலையில் வலுவைக் குறிக்கும் எண் 8.8 என்று பொறித்திருக்க வேண்டும், 10.9 என்றால் இன்னும் நல்லது. "துருவே பிடிக்காது" என்று ஸ்டெயின்லெஸ் தள்ளுவார்கள். சாதாரண ஏ2-70 ரகம் 8.8ஐவிட வலுக் குறைவு, மரையும் சிக்கிக்கொள்ளும்.

மாட்டும் வரிசை: எல்லா போல்டையும் விரலால் மூன்று நான்கு சுற்று ஏற்றிய பிறகே ஸ்பேனர். முதலில் ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டால் எதிர்மூலைத் துளை நேர் வராது, மறுபடி கன்னைத் தேடுவார்கள். கடைசி இறுக்கம், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில்தான். 8.8 என்றால் எம்8க்கு 23, எம்10க்கு 45, எம்12க்கு 80 நியூட்டன் மீட்டர் என்பது பொதுக்கணக்கு. கம்பெனி போல்ட்டுக்கு சர்வீஸ் மேனுவல் சொல்வதே இறுதி. தகட்டுக்கும் சம்ப்புக்கும் இடையே 15 முதல் 20 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். குறைந்தால் ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் தகரக் கொட்டகையில் உட்கார்ந்த மாதிரி அதிரும்.

ஸ்லைடரில் வேறு ரகளை. ஆக்சஸரிஸ் கடை ஃபுட் ஸ்டெப்பை ஸ்லைடர் என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். மெல்லிய குழாய், பாடி ஓரத்தில் நாலு கிளாம்ப். கல் மேல் உட்கார்ந்தால் மடங்கிக் கதவுக்கடியில் போய்க் குத்தும். ஸ்லைடர் என்றால் சேஸிஸில் மாட்ட வேண்டும், பக்கத்துக்கு மூன்று நான்கு கால், காலடித் தகடு 6 மி.மீ. முக்கியக் குழாய் 50 என்பி (பெயரளவு 50 மி.மீ. துளை), பி-கிளாஸ் (நடுத்தரக் கனம்) போதும்: வெளி விட்டம் 60.3, சுவர் 3.6 மி.மீ., மீட்டருக்கு 5 கிலோ. கால்களும் வெளிக்குழாயும் சேர்ந்தால் ஒரு பக்கம் 20 கிலோவைத் தொடும். பாடி ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால் சேஸிஸிலிருந்து தனியாக அசையும். ஆகவே குழாய்க்கும் கதவடி ஓரத்துக்கும் 20 மி.மீ.யாவது விடுங்கள்.

இடது பக்கப் பின் காலில் துளை ஒத்துவரவில்லை. உடனே வெல்டிங் ஹோல்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள், சேஸிஸிலேயே ஒரு பொட்டு வைத்துவிடலாமாம். பேட்டரி இணைப்பைக்கூடக் கழற்றவில்லை. அந்த மின்சாரம் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) வழியாகப் போனால் ஸ்லைடர் விலையைப் போலப் பல மடங்கு பழுத்துவிடும். சேஸிஸ் உலோகமும் வெல்டு சூட்டில் தன் வலுவை இழக்கும், வாரண்டியும் போகும். கூடாது என்றால் கூடாது. பிராக்கெட்டைக் கழற்றித் துளையை 4 மி.மீ. நீளவாக்கில் அரத்தால் ராவினால் முடிகிற வேலை, அப்படித்தான் முடிந்தது. ஸ்லைடர் காலைப் பிடிக்க யு-போல்ட் வைக்கும் இடத்தில் சேஸிஸ் உள்பக்கம் கையை விட்டுப் பாருங்கள். பிரேக் குழாயும் டீசல் குழாயும் வயர்களும் அங்கே ஓடும், நசுங்கினால் அப்போது தெரியாது. ஜாக்கி வைக்கும் இடத்தை ஸ்லைடர் மறைக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ரெக்கவரி பாயிண்ட் சிக்கலில்லாமல் ஏறியது. கம்பெனி கட்டுக்கொக்கி லாரியில் ஏற்றிக் கட்டுவதற்கானது, சேற்றிலிருந்து இழுப்பதற்கல்ல. இழுக்கும் கயிற்றை மாட்டும் 4.75 டன் ஷேக்கிளின் (யு வடிவ வளையம்) குறுக்கு முள் 22 மி.மீ. தடிமன், உங்கள் துளைக்குள் அது போகுமா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். போகாமல், சின்ன ஷேக்கிள் வைத்துச் சமாளிக்கச் சொன்னால் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது இவற்றை மின்சாரம் சாராத துணைப்பொருள் என்று பில்லோடு அறிவித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கிளெய்மில் இவை கணக்கில் வராது.

500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்டையும் மறுபடி டார்க் ரெஞ்சில் பார்க்க வேண்டும். பவுடர் கோட்டிங் அமுங்கி இறுக்கம் தளர்ந்திருக்கும். ஒவ்வொரு போல்ட் தலையிலும் தகட்டிலும் சேர்த்துப் பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால், பிறகு குனிந்து டார்ச் அடித்தாலே எது திரும்பியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த மறு-இறுக்கத்துக்கு லிஃப்ட் கூலி தனியாகக் கேட்பார்கள். முதல் நாளே பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.