எம்ஜிபி இரட்டை எஸ்யூ: ஐட்லிங் சீரானது, காரணம் ஸ்பிண்டில்

1967 எம்ஜிபி ரோட்ஸ்டர் (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), 1798 சிசி, இரட்டை எஸ்யூ எச்எஸ்4 கார்புரேட்டர். ஐட்லிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) இப்போது நிமிடத்துக்கு 750 சுற்றில் ஆடாமல் நிற்கிறது, இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகும்! பெட்ரோல் வரும் ஜெட்டிலோ அதற்குள் இறங்கும் ஊசியிலோ குறை இல்லை. வம்பு முழுக்க த்ராட்டில் ஸ்பிண்டிலில், அதாவது காற்றுவழியைத் திறந்து மூடும் தட்டைத் திருப்பும் தண்டில்.

இன்று மிக்சர் (காற்று-பெட்ரோல் கலவை) சரியாக வைத்தால் நாளை மாறிவிடும் என்றால் முதலில் அங்கே பாருங்கள். த்ராட்டில் மூடியிருக்கும்போதுதான் இன்டேக் மேனிஃபோல்டில் (கலவை இன்ஜினுக்குள் போகும் குழாய்) வெற்றிடம் அதிகம். அதனால் ஸ்பிண்டிலில் மயிரிழை தேய்மானம் இருந்தாலும் ஐட்லிங்கில் காற்றை உறிஞ்சும். வேகமாக ஓட்டும்போது தெரியவே தெரியாது. ஸ்பிண்டில் முனையில் ஒரு துளி கார்புரேட்டர் கிளீனர் பட்டதும் இன்ஜின் சத்தம் மாறினால் கசிவு உறுதி. ஒரு துளி போதும், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் நேர் கீழே கொதித்துக்கொண்டிருக்கிறது.

கழற்றுவதில் பொறுமை வேண்டிய இடம் த்ராட்டில் தட்டின் இரண்டு சின்னத் திருகுகள். அவற்றின் நுனி பிளந்து விரித்திருக்கும். நுனியைக் குறட்டால் நெருக்கிய பிறகே திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் மரை போகும் அல்லது திருகே முறியும். மாட்டும்போது புதுத் திருகுதான், பழையது வேண்டவே வேண்டாம். தட்டின் விளிம்பு சாய்வாகச் சீவப்பட்டது, எனவே திசை மாறக் கூடாது. திருகுகளைத் தளர்வாக விட்டு, த்ராட்டிலை இரண்டு மூன்று முறை படக்கென்று மூடினால் தட்டு தானே நடுவில் அமரும். அப்புறம் இறுக்கி, நுனியை விரித்துவிடலாம். முறிந்த நுனி ஒன்று உள்ளே விழுந்தால் நேராக வால்வுக்குத்தான் போகும். புது ஸ்பிண்டிலும் ஆடுகிறதென்றால் தேய்ந்தது கார்புரேட்டரின் உடல். துளையை அகலமாக்கி புஷ் (உள்வளையம்) போட வேண்டும், அது லேத் வேலை.

பிந்தைய கார்களில் தட்டிலேயே ஸ்பிரிங் வைத்த குட்டி வால்வு இருக்கும். ஸ்பிரிங் தளர்ந்தால் அதுவும் ஒழுகும். ஓட்டையில்லாத வெறும் தட்டே மேல்.

பாகங்களுக்கு சாலிஸ்பரியின் பர்லன். எஸ்யூ இன்று அவர்களிடம்தான் இருக்கிறது. மலிவு நகல் ஸ்பிண்டிலை மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். அளவு 5/16 அங்குலம், அதில் குறைந்தால் பழையதே தேவலை.

பிறகு வழக்கம்போல: ஜெட்டின் வாய் பாலத்தோடு (கார்புரேட்டரின் காற்றுவழியில் உள்ள மேடு) சமமாக, அங்கிருந்து ஜெட் நட்டை 12 பட்டை, அதாவது இரண்டு முழுச் சுற்று கீழே. இரு கார்புரேட்டரையும் இணைக்கும் தண்டின் இரு கிளாம்ப்பையும் தளர்த்திய பிறகே காற்றைச் சமப்படுத்த வேண்டும். கார்புரேட்டரின் பிஸ்டனை 0.8 மிமீ தூக்கிப் பார்த்தால் வேகம் ஏறி அப்படியே நின்றால் ரிச் (பெட்ரோல் அதிகம்), விழுந்தால் லீன் (பெட்ரோல் குறைவு), ஒரு கணம் ஏறி இறங்கினால் சரி. கிளாம்ப்பை இறுக்கும்போது இணைப்பு நெம்புகோலின் முளைக்கும் அது நுழையும் கவட்டைக்கும் இடையே 0.012 அங்குலம் விடுங்கள். ஒட்டி வைத்தால் த்ராட்டில் முழுதாக மூடாது, செய்த சமன் அத்தனையும் வீண்.

சோக் இணைப்பும் ஃபாஸ்ட் ஐடிலும் (சோக் இழுத்திருக்கும்போது உள்ள கூடுதல் ஐட்லிங் வேகம்) பாக்கி. அதற்குள் மனம் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் லூகாஸ் 25டி டிஸ்ட்ரிபியூட்டருக்குத் தாவிவிட்டது: அதன் தண்டும் இதே மாதிரி ஆடுகிறது, அதற்குள் இருக்கும் பாயின்ட்டின் இடைவெளி 0.015 அங்குலத்தில் நிற்க மறுக்கிறது. கூடவே ஈ10 (எத்தனால் கலந்த) பெட்ரோலுக்காக வைட்டான் ரப்பர் முனை வைத்த மிதவை ஊசியும் புது ஹோஸும் பட்டியலில் ஏறியிருக்கின்றன.