நாற்காலியும் சட்டமும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், அரசுச் சேவைகளை இணையவழி செய்துகொடுக்கும் ஓர் அக்‌ஷயா மையத்தில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வருமானச் சான்று, சாதிச் சான்று, நில வரி என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் சித்தூர் தாலுகாவின் தமிழ் விவசாயக் குடும்பத்தார். அரசாங்கத்தின் பேச்சை இவர்கள் நம்புவதில்லை. ஆனால் அலுவலக நாற்காலியில் இருப்பவருக்கு அஞ்சுகிறார்கள்.

நம்பாததற்குக் காரணம் உண்டு. தமிழ்நாடும் கேரளமும் 1970-இல் கையெழுத்திட்ட பரம்பிக்குளம்–ஆழியாறு நீர்ப்பகிர்வு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் சித்தூருக்கு வர வேண்டும். மழை பொய்த்த ஆண்டுகளில் இரு மாநிலமும் கணக்குப் பேசிக்கொண்டிருக்க, தம் வயல் காய்ந்ததைக் கண்டவர்களிடம் காகிதத்தை நம்பு என்று எந்த வாயால் சொல்வது?

அச்சத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. டிஜிட்டல் கையொப்பமிட்ட சான்றிதழை அச்செடுத்துக் கொடுத்தபோது, ஒரு பெரியவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மிணி, இதுல சீலே இல்லீங்களே, ஆபீசரைப் பாத்து ஒரு சீல் வாங்கிட்டு வந்தரட்டுங்களா?" என்று கேட்டார். சட்டப்படி அது செல்லும் என்று எவ்வளவு விளக்கியும் அவர் மனம் ஆறவில்லை. தமக்கு உரிமையாகக் கிடைக்க வேண்டியதை ஒரு மனிதர் மனமிரங்கித் தந்ததாக நினைத்துப் பழகியவருக்கு, மனிதர் கைபடாத காகிதம் வெறும் காகிதமாகவே தெரிகிறது.

மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள மாநில அரசின் உள்ளூர் அலுவலகங்களுக்குத் தமிழர்கள் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழிலேயே வர வேண்டும் என்கிறது 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம். இதைச் சொன்னால், "ஆபீசருக்குக் கோவம் வந்துருமுங்க" என்று தயங்குகிறார்கள். அரசை ஐயப்படுவது நல்லதுதான். ஆனால் அந்த ஐயம் திண்ணைப் பேச்சோடு நின்று, மனுவில் ஒரு வரியாகக்கூட ஏறாவிட்டால், கட்டுப்படுத்துகிறவர்களுக்கு அதைவிட வசதி வேறில்லை.

அதே பெரியவர் பின்னொரு நாள் வாய்க்கால் ஆக்கிரமிப்பு பற்றித் தமிழில் மனுக் கொடுத்தார். பதில் மலையாளத்தில் வந்தது. தமிழில் பதில் கேட்டு மறுமனு எழுதலாம் என்றேன். நெடுநேரம் யோசித்தவர், அந்தச் சட்டத்தின் ஆண்டை முதல் பத்தியிலேயே போடச் சொன்னார்.