கராஜுக்குள் ஒரு த்ரீ நாட் த்ரீ

"இதில் என்னமோ எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லு. ஹாலந்துக்காரன் பேர் மாதிரி தெரியுது" என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் கராஜுக்குள் கூப்பிட்டு ஒரு த்ரீ நாட் த்ரீ (.303) துப்பாக்கியை நீட்டினார். நான் இரண்டு அடி பின்னால் போனேன். நமக்குத் துப்பாக்கி என்றால் ஒன்று போலீஸ், இல்லையென்றால் பேங்க் வாசலில் ஸ்டூல் போட்டுத் தூங்குகிற செக்யூரிட்டி. அவர் சிரித்துக்கொண்டே போல்ட்டை உருவி மேசையில் வைத்துவிட்டு மறுபடி நீட்டினார்.

பின்கட்டை முடிந்து இரும்பு தொடங்கும் இடத்தில், வலது பக்கம், பழைய கறுப்பு பெயின்டுக்கு அடியில் எழுத்து. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் தேய்க்கத் தேய்க்க முதலில் ஒரு கிரீடம் வந்தது. அதன் கீழே ஜி.ஆர்.ஐ. அதற்கும் கீழே இஷாப்பூர், 1942.

சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருடைய அப்பா அறுபதுகளில் ராணுவத்தில் கழித்த சாமான் என்று தபாலில் வாங்கியது. அப்பாவும் மகனுமாக இத்தனை வருஷம் இங்கிலாந்துத் துப்பாக்கி என்று நம்பி மான் சுட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் செய்ததென்றால் ஜார்ஜ் மன்னர் என்பதற்கான ஜி.ஆர். மட்டும்தான் இருக்கும். அந்தக் கடைசி 'ஐ' இந்தியாவின் சக்கரவர்த்தி என்பதற்காக. கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் 1904-இல் தொடங்கிய தொழிற்சாலை அது.

"உங்க ஊரா?"

"எங்க ஊர்ல இருந்து ரெண்டு ராத்திரி ரயில்."

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்துக்காரருக்கு அது ஒரு தூரமாகவே தெரியவில்லை. எனக்கும் அன்றைக்கு இஷாப்பூர் எங்கள் கோவை காரமடைக்குப் பக்கத்தூர் ஆகிவிட்டது.

இங்கே வந்து நாலு வருஷம் ஆகிறது. செட்டில் ஆகிவிட்டேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்வது. மைனஸ் 35-இல் ராத்திரி காரின் என்ஜின் ஹீட்டரை பிளக்கில் மாட்ட மறப்பதில்லை. டிராக்டரும் அறுவடை மிஷினும் ரிப்பேர் பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் லேத் வேலை, மாசமானால் சம்பளம். சமையல்கட்டுக் கடிகாரம் மட்டும் இன்னும் இந்திய நேரத்தில் ஓடுகிறது. பேட்டரி மாற்றும்போதும் யாரும் அதைத் திருத்துவதில்லை.

அந்தத் துப்பாக்கியை வேட்டைக்கென்று மாற்றியவன் யாரோ, அவன் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கோவை கணபதியில் பன்னிரண்டு வருஷம் டூல்ரூமில் டர்னராக நின்றவன் நான். மேல்மரத்தைக் கழற்றி எறிந்ததும் முன்மரத்தைப் பாதியாக வெட்டியதும் போகட்டும், எடை குறைய எல்லாரும் செய்வதுதான். 25.2 அங்குலம் இருக்க வேண்டிய குழலை 22 ஆக்கியிருக்கிறான், அதுவும் ஹாக்ஸா பிளேடால்! முனையை லேத்தில் சமமாகச் சீவும் ஃபேஸ் கட் கிடையாது. பிளேடு ஓடின கோடு அப்படியே இருக்கிறது. குண்டு வெளியேறும் அந்த நொடியில் பின்னால் வரும் வாயு சுற்றிலும் ஒரே அளவில் பிரிய வேண்டும். விளிம்பு கோணலானால் குண்டை ஒரு பக்கம் தள்ளிவிடும். முன் சைட்டையும் சாய்வாகப் பற்ற வைத்திருந்தான். "ரொம்ப வருஷமா இடது பக்கம் தள்ளிக் குறி பார்த்தே பழகிட்டேன்" என்றார் பெரியவர். எங்கள் பட்டறையில் ஒரு ஹெல்ப்பர் பையன் இப்படி வெட்டிக் கொண்டுவந்திருந்தால் மேஸ்திரி அந்த ஹாக்ஸாவாலேயே அடித்திருப்பார்.

ஆனால் மகசீனுக்கு முன்னால், மரத்தின் குறுக்கே ஒரு ஸ்க்ரூ போயிருந்தது. மரம் பிளந்துவிடக் கூடாதென்று நம்மாட்கள் கூடுதலாகப் போட்டது. இங்கிலாந்துக்காரன் துப்பாக்கியில் அது கிடையாது. அந்த ஸ்க்ரூவைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன்.

அப்பிச்சியிடம், அம்மாவின் அப்பாவிடம், ஒரு ஒத்தக்குழல் துப்பாக்கி இருந்தது. வெள்ளியங்காட்டில் மலையடித் தோட்டம். கடலைக்காய் பிடிக்கிற சமயத்தில் காட்டுப்பன்னி வந்தால் ஒரே ராத்திரியில் உழவு ஓட்டின மாதிரி ஆகிவிடும். 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு வேட்டை ஏது? அப்பிச்சி வானத்தைப் பார்த்துத்தான் சுடுவார். பன்னி நாலு நாள் பயப்படும், அஞ்சாம் நாள் வரும். எலெக்‌ஷன் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். சாக்கில் சுற்றி, பெண்ணை அனுப்புகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பஸ் ஏறுவார். ஒரு தடவை திரும்பி வந்தபோது குழல் பூராவும் துரு. அன்றைக்கு முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்து தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தார், அம்மிச்சி சோறுண்ணக் கூப்பிட்டும் எழவில்லை. அதற்கப்புறம் லைசன்ஸைப் புதுப்பிக்கவே இல்லை.

எனக்கு இங்கே உரிமம் இல்லை. பெரியவர் கூட இருந்தால்தான் தொடுவது. குழல் வேலைக்கு டவுனில் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் போனோம். அவர் குழலில் தோட்டா உட்காரும் இடத்தில் அளவு பார்க்கும் கேஜ் விட்டுப் பார்த்தார். 0.064 அங்குலத்துக்குப் போல்ட் மூடியது, 0.074-க்கு மூடவில்லை. நல்லது என்றார். 'கோ, நோ-கோ' என்ற வார்த்தைகள் காதில் விழுந்ததும் டூல்ரூம் டீ டைம் ஞாபகம் வந்துவிட்டது. குழலை லேத்தில் மாட்டி முனையை ஃபேஸ் செய்து விளிம்பைச் சரிவாக எடுத்தபோது, சொல்லாமலே ஆயில் கேனை எடுத்து நீட்டினேன். அவர் ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

டெலஸ்கோப் மாட்ட வேண்டும் என்று பெரியவருக்கு ஆசை. அதற்கு மேலே ஓட்டை போட வேண்டும். நான் ஒத்துக்கொள்ளவில்லை, என் சாமான் மாதிரி சண்டை போட்டேன். கடைசியில் இருக்கிற ஸ்க்ரூ ஓட்டையிலேயே உட்காரும் பழைய பீப் சைட் ஒன்று, சின்னத் துளை வழியாகக் குறி பார்ப்பது, தேடி வாங்கினார். தோள்பட்டைக்கு ஒரு ரப்பர் பேட். முன் சைட்டை நேராக்கியாயிற்று. மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் போட்டது மட்டும் நான். கிரிக்கெட் பேட்டுக்குப் போட்ட அதே வாசம். கையைக் கழுவ மனசில்லை.

அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். "அதெல்லாம் உனக்கெதுக்கு சாமி? போலீசு கீலீசு வந்தா?"

"இங்க லைசன்ஸோட எல்லாரும் வெச்சிருக்காங்கம்மா. பனிப் பிரதேசத்துல காவலுக்கு இருக்கிற ரேஞ்சர்கள் 2018 வரைக்கும் இதே சாதித் துப்பாக்கிதான் வெச்சிருந்தாங்க."

"அங்க பன்னி வருதா?"

"மான் வருதுங்க."

"மான் கடலைக்காய் திங்காதே. அதைய எதுக்குச் சுடோணும்?"

எனக்குப் பதில் வரவில்லை. இஷாப்பூர் சொந்த நாட்டுக்காரனுக்கு .315-தான் விற்றது, .303 தனியாருக்குக் கிடையாது என்று பேச்சை மாற்றினேன். அம்மா போனை மாமாவிடம் கொடுத்துவிட்டார்.

நவம்பரில் பெரியவர் போன இரண்டாம் நாளே ஒரு வெள்ளைவால் மான். ஒரே குண்டு, தள்ளிக் குறி பார்க்காமல். ஒரு தொடையைக் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டுக்காரி வரமிளகாயைக் கிள்ளிப் போட்டு, சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லோடு பள்ளிபாளையம் பக்குவத்தில் வறுத்தாள். பெரியவர் மூக்கு சிவக்கச் சிவக்கத் தின்றார். ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினார்.

போகும்போது சட்டைப் பையிலிருந்து அந்தக் காலித் தோட்டாவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை, ஏர்போர்ட்டில் காலிக் கூடுக்கே கேஸ் போடுவார்கள். அடி அகலமாக இருப்பதால் நேராக நிற்கிறது. அப்பிச்சி படத்துக்கு முன்னால் வைத்தேன். வாயில் ஊதுபத்தி செருகலாம்.